அக்கா வீட்டு ஹால் பீம்

அக்கா போனில் அழுதிருந்தால் நான் சாவகாசமாகக் கிளம்பியிருப்பேன். அவள் அழுகிற விஷயங்கள் பெரும்பாலும் இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். அன்று அவள் சிரித்துக்கொண்டே பேசியதால்தான் மறுநாளே கிளம்பினேன்.

"ஏடி, ஒங்க அத்தான் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. கையில காப்பி. மேல இருந்து பொத்துன்னு ஒரு துண்டு டம்ளருக்குள்ள விழுந்துருச்சு. பாதி காப்பி சட்டையில, பாதி பேப்பர்ல. ஒன் பீமுதான்டி."

ராயப்பன்பட்டியில் அக்கா வீட்டு ஹாலில் குறுக்கே போகிற அந்த பீமுக்கு இருபது வருடத்துக்கும் மேலாக 'ஒன் பீமு' என்றுதான் பெயர். அந்த வீட்டில் வேறு எந்தப் பொருளும் என் பெயரில் இல்லை. நான் இன்ஜினியரிங் முடித்த கையோடு கணக்குப் போட்டு வரைந்த முதல் பீம் அது. அக்காவுக்குக் கல்யாணமாகி நாலைந்து வருடத்தில், பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினார்கள். ஹாலுக்கு நடுவே தூண் வரக்கூடாது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். தூண் இல்லாமல் இருபது அடி போக வேண்டுமென்றால் இன்ஜினியர் கணக்கு வேண்டும் என்றார் கொத்தனார். வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும் என்றாள் அக்கா. அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன்.

அதற்குப் பிறகு தேனியில் எனக்கென்று ஒரு சின்ன ஆபீஸ் வைத்து, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், போடியில் ஏலக்காய் குடோன் என்று எத்தனையோ பீம் வரைந்துவிட்டேன். யாரும் போன் செய்து உன் பீம் எப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. இதை மட்டும் அக்கா சொல்வாள். வெள்ளையடித்தால் சொல்வாள், சிலந்தி வலை கட்டினால்கூடச் சொல்வாள்.

இந்தத் தடவை விஷயம் பெரியது. முதலில் ஒரு காண்டிராக்டரைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார்கள். அவர் ஹாலுக்குள்ளேயே வரவில்லையாம். வாசல்படியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மொத்த வீட்டையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் அதற்கும் ஒரு படி மேலே போய், இடித்துப் போட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், பிளாட்டில் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கிறது என்றானாம். அத்தான் பாதி மனசுக்கு வந்துவிட்டார்.

"பிளாட்டுல போயி நான் என்ன பண்ண? வெயில் அடிக்கிறதகூட சன்னல்ல எட்டிப் பாத்துத் தெரிஞ்சுக்கணும். என் வீட்ட இடிக்கக்கூடாது. நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா ஒங்க அத்தான் கேப்பாக" என்றாள். அப்போதும் சிரிப்பை விடவில்லை.

அக்கா வீடு போகப் போகிறதே என்று நான் பதறியிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம். என் பீமா? மூன்று நாள் உட்கார்ந்து போட்ட கணக்கா? என் ஆபீஸ் பீரோவைக் குடைந்து அந்தப் பழைய டிராயிங்கைத் தேடி எடுத்தேன். மடிப்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. கோடு கோடாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கும் என்று தெரிந்தேதான் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை காரில் கிளம்பினேன். சின்னமனூர் தாண்டும்வரை மனசுக்குள் யார் யாரையோ திட்டிக்கொண்டே வந்தேன். உத்தமபாளையத்தில் நிறுத்தி பீமுக்கு முட்டுக் கொடுக்க, திருகு வைத்த நாலு இரும்பு ஜாக்கியை வாடகைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, ராயப்பன்பட்டிக்குள் நுழைந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்றாள். என் கையில் சுத்தியலைப் பார்த்ததும், "சாப்பிட்டுட்டு அடிடி" என்றாள்.

சாப்பிடவில்லை. ஜாக்கிகள் வந்து இறங்கியதும், முதலில் அவற்றை பீமுக்கு அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர்வரை பீமின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நல்ல கான்கிரீட்டைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். உள்ளே பிளந்து போயிருந்தால் பொத்தென்று கேட்கும். என் பீம் கணீர் கணீர் என்றே வந்தது. சரியாக நடுவுக்கு வந்ததும் பொத். அடுத்த தட்டும் பொத். ஓர் அடி தாண்டியதும் மறுபடி கணீர், அந்தச் சுவர்வரைக்கும்.

இது எனக்குப் புரியவில்லை. வயதாகிக் கெடுகிற பீம் அங்கங்கே கெடும். மழைத் தண்ணீர் இறங்கிக் கெட்டால் இறங்கிய தடம் தெரியும். இங்கே இருபது அடியில் பத்தொன்பது அடி கல் மாதிரி இருக்கிறது, நட்ட நடுவில் ஓர் அடி மட்டும் கெட்டுப்போயிருக்கிறது.

அந்த ஓர் அடிதான் மோசமான இடம். மேலே சுமை ஏறினால் பீம் லேசாகத் தொய்யப் பார்க்கும். தொய்யும்போது அதன் மேல்பக்கம் நெருக்குப்படும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் எவ்வளவு நெருக்கினாலும் தாங்கும், இழுத்தால் பட்டென்று விட்டுவிடும். அதனால்தான் அடியில் கம்பி வைக்கிறோம். இழுப்பு அதிகம் விழுவது நடுவில். அங்கே கம்பி துருப்பிடித்தால் கம்பி மெலிகிறது என்பது மட்டுமில்லை, துரு ஊதிப் பெருத்துத் தன்னைச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டையே வெளியே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்பட்ட ஒரு துண்டுதான் அத்தானின் காப்பியில் விழுந்தது.

இதை நான் விளக்கியதும் அத்தான், "அப்ப நான் நடுவுல உக்காந்தது தப்பா?" என்றார்.

உளி வைத்துப் பூச்சையும் மேல் கான்கிரீட்டையும் கொஞ்சம் கொத்தினேன். பையில் இரண்டு சின்னப் பாட்டில் கொண்டுவந்திருந்தேன். முதல் பாட்டில் மருந்தை நல்ல கான்கிரீட்டில் தெளித்தால் அது ரோஸ் நிறமாகும். தெளித்தேன். பளீரென்று ரோஸ் பூத்தது. அக்காவுக்கு ஒரே குஷி. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அடடா, இந்தக் கலர்ல எனக்கு ஒரு சேல இருந்துச்சே" என்றார் ஒருவர். ரோஸ் பூத்தால் கான்கிரீட்டுக்கு வயசாகவில்லை என்று அர்த்தம். அப்படியானால் கம்பி ஏன் துருப்பிடித்தது?

இரண்டாவது பாட்டில் வெள்ளி கலந்த மருந்து. சாதாரணக் கான்கிரீட்டில் அது தவிட்டு நிறமாகும். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். ஓரத்தில் தெளித்தேன், தவிட்டு நிறம். நடுவில் தெளித்தேன். திரிந்த பால் மாதிரி வெள்ளை.

"உப்பு" என்றேன்.

"எங்க?" என்றார் அத்தான்.

"பீமுக்குள்ள."

கடலோரத்தில் கட்டிய வீடு என்றால் நான் ஆச்சரியமே படமாட்டேன். இங்கே மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் வாழை, நடுவே ஓடுவது முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர். உப்பு எந்த வழியாக வந்தது? நான் அத்தானைத்தான் பிடித்தேன். அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தென்னைக்கு உப்பு வைப்பார்கள், பொட்டாஷ் வைப்பார்கள். மூட்டையை மொட்டை மாடியில் அடுக்கியிருப்பார், மழையில் கரைந்து இறங்கியிருக்கும் என்று குறுக்கு விசாரணையே நடத்திவிட்டேன்.

"தோப்புல ஷெட்டு இருக்கும்போது மாடிக்கு ஏன் தூக்கப்போறேன்? எனக்கு இருக்கிற முட்டி வலிக்கு நான் மாடிக்கு ஏறியே ரெண்டு வருசமாச்சு" என்றார். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். உப்பின் அடையாளமே இல்லை. அக்கா காயப் போட்ட வடகம்தான் இருந்தது. அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

அடுத்து கொத்தனாரை வரச் சொன்னேன். பண்ணைப்புரத்துக்காரர். அன்று வீடு கட்டிய அதே கொத்தனார். தலை முழுக்க வெளுத்துவிட்டது, ஆனால் இன்னும் வேலைக்குப் போகிறார். நான் போனில் உப்பு என்று சொன்னதையே அவர் கௌரவப் பிரச்சனையாக எடுத்துக்கொண்டு, பைக்கை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஓடை மணலு தாயி. சல்லடையில சலிச்சுப் போட்டேன். தண்ணி அந்தா அந்தக் கெணத்துத் தண்ணி. நானே குடிச்சுப் பாத்துத்தான் கலவையில ஊத்தினேன். உப்புக் கரிச்சா எனக்குத் தெரியாதா?"

மணலிலோ தண்ணீரிலோ உப்பு இருந்தால் பீம் முழுக்க இருந்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. அவரோ என்னிடமிருந்து உளியைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிட்டார். கொத்தக் கொத்தப் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. உதிர்ந்ததில் கறுப்பாகச் சின்ன உருண்டை ஒன்றை எடுத்து, விரலில் உருட்டி, மோந்து பார்த்தார்.

"மெளகு மாதிரி இருக்கு தாயி."

"உப்பு, மிளகு. புளியும் கெடைச்சா ரசம் வச்சிரலாம். கரித்துண்டா இருக்கும், போடுங்க கீழ" என்றேன்.

அக்கா, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் கம்பி முழுசாகத் தெரிந்தது. மூன்று கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு கம்பி நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அதாவது மூன்று கம்பியையும் ஒரே இடத்தில், அதுவும் நட்ட நடுவில் வெட்டி, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஒட்டுப் போடுவது தப்பில்லை. போட வேண்டிய இடம் வேறு, மூன்றையும் சேர்த்துப் போடக் கூடாது, போட்டால் சுற்றிலும் ரிங் என்கிற வளையக் கம்பியை நெருக்கிக் கட்ட வேண்டும். இங்கே ஒன்றும் செய்யவில்லை. ஆறு கம்பிக்கு நடுவே ஜல்லி இறங்க வழியில்லாமல் வெறும் ஓட்டையாக நின்றுவிட்டது.

இரண்டு கயிற்று முனையை முடிச்சுப் போடாமல் சேர்த்து ஒரு கைக்குள் பிடித்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். கைப்பிடி இறுக்கமாக இருக்கும்வரை நிற்கும். கம்பி ஒட்டும் அப்படித்தான், பிடிக்கிற கை கான்கிரீட். உப்பால் துருவேறி, துரு அந்தக் கையையே பிளந்துவிட்டது. இனி கம்பி உருவிக்கொண்டு வர வேண்டியதுதான் பாக்கி. இத்தனை வருடம் எப்படித் தாங்கியது என்றால், மேலே வெறும் மொட்டை மாடிதான். தவிர, முதல் வேலை என்ற பயத்தில் நான் கம்பியைக் கொஞ்சம் தடிமனாகவே போட்டிருந்தேன்.

கொத்தனார் கீழே இறங்கினார். "கம்பி கட்டினவன் வேல தாயி இது. அவன் அப்பவே கட்டப்பனப் பக்கம் போயிட்டான். இருக்கானோ இல்லையோ."

நான் உடனே டிராயிங்கை விரித்தேன். "இதப் பாருங்க. மூணு கம்பியும் இந்தச் சுவர்லருந்து அந்தச் சுவர்வரைக்கும் முழுசாப் போகுது. எங்கயாவது ஒட்டு காட்டியிருக்கேனா?" என்று அத்தானிடம் காட்டினேன், கொத்தனாரிடம் காட்டினேன், அடுக்களையிலிருந்து வந்த அக்காவிடமும் காட்டினேன். "டிராயிங்கு சரிதான்" என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் வீடு கட்டியபோது நடந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. தேனிக் கடையிலிருந்து கம்பி எப்போதும் மடித்துத்தான் வரும். நீளக் கம்பி வண்டியில் அடங்காது. இந்த வீட்டுக் கம்பி சின்ன வண்டியில் மூன்றாக மடங்கி வந்தது. மடிப்பை நிமிர்த்துவது முதுகை ஒடிக்கிற வேலை. கம்பி கட்டுகிறவர் நிமிர்த்தாமல் மடிப்பு மடிப்பாக வெட்டிவிட்டார். கான்கிரீட் போடுகிற அன்று காலை நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். மூன்று கம்பியும் நடுவில் ஒட்டுப் போட்டிருந்தது என் கண்ணில் பட்டது.

கீழே கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இருபது பேர் தயாராக நின்றார்கள். பொம்பளப் பிள்ளை போட்ட கணக்காம் என்று காலையிலிருந்து அவர்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்து என்று சொன்னால் நிறுத்துவார்களா, நிறுத்தினால் அத்தான் வீட்டில் என்ன சொல்வார்கள், ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று என்னென்னவோ தோன்றியது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஒட்டு வெளியே தெரிந்த பிறகும் டிராயிங்கை மடித்துப் பைக்குள் வைத்தேனே தவிர இதைச் சொல்லவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். இந்த ஓர் அடியைச் சரிசெய்தால் போதும், வீட்டை இடிக்க வேண்டியதில்லை என்றேன். அத்தான் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சித்தி, நீங்க சொல்றது சரி. ஆனா உப்பு எங்கருந்து வந்துச்சுன்னே தெரியலயே. இன்னைக்கு ஹாலு, நாளைக்குப் பெட்ரூம்ல விழுந்தா? அம்மாவும் அப்பாவும் அதுக்குக் கீழதான தூங்குறாங்க?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் சொல்றதும் சரிதான். காரணம் தெரியலேன்னா நம்பி எப்படி இருக்கிறது? இடிச்சிருவோம்" என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அவருக்கும் போக இஷ்டமில்லை.

அக்கா ரசக் கரண்டியோடு நின்றாள்.

"உப்பு நாந்தான் போட்டேன்" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அத்தான் ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சரியாத்தான இருக்கு" என்றார்.

"ரசத்துல இல்ல. பீமுல."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. மாதா கோயில் திருவிழாவில் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் கொஞ்சம் எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அக்கா அந்த வருடக் காணிக்கை உப்பை மிளகோடு ஒரு பையில் கட்டி மாதா படத்தடியில் வைத்திருந்தாள். கான்கிரீட் போடுகிற அன்று எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், ஏணியில் ஏறிக் கம்பிக்கு நடுவில் கொட்டிவிட்டாள்.

"எவ்வளவு?" என்றேன்.

"ரெண்டு படி இருக்கும்."

"ரெண்டு படியா!"

"வீடு நல்லா இருக்கணும்னுதான போடுறது. அதுல போயி கஞ்சத்தனம் பாக்கச் சொல்றியா? அஸ்திவாரத்துல காசு போடுறாக, நவதானியம் போடுறாக. அதெல்லாம் நீ கேட்டியா?"

அத்தானுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து நிமிர்ந்தால், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். ஸ்பீக்கரில் மகனும் சிரிக்கிறான். வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கொத்தனார், "நாஞ் சொன்னேன்ல மெளகுன்னு!" என்று கையைக் கழுவாமலே உள்ளே வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "காரணம் கெடச்சிருச்சுடா. காரணம் ஒங்கம்மாதான்" என்று அத்தான் போனைப் பார்த்துக் கத்தினார். பெட்ரூமில் பீமே இல்லை, அங்கே எதுவும் கொட்டவுமில்லை என்று அக்கா மாதா மேல் சத்தியம் செய்தாள். வீடு தப்பியது.

வேலை ஒரு மாதம் போல நடந்தது. உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால்வரை கொத்தி எடுத்தோம். துருவைச் சுரண்டி, கம்பிக்கு மருந்தடித்தோம். அடியில் சுவருக்குச் சுவர் முழு நீளத்துக்குப் புதுக் கம்பி வைத்து, ரிங்கை நெருக்கிக் கட்டி, பலகை அடைத்து, தண்ணீர் மாதிரி ஓடுகிற கலவையை ஊற்றினோம். கம்பி மடித்து வந்தால் இறக்கவே விடமாட்டேன் என்று கடைக்காரரிடம் போனிலேயே சண்டை போட்டேன். லாரியில் நீட்டமாக, முனையில் சிவப்புத் துணி கட்டி அனுப்பிவைத்தார்.

அந்த மாதம் முழுக்க அக்காதான் தெருவுக்குப் பொழுதுபோக்கு. மளிகைக் கடைக்குப் போனால், "ஆத்தா, சமையலுக்கா பீமுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உப்புப் பாக்கெட்டை எடுத்தார் கடைக்காரர். குழம்பில் உப்புக் குறைந்தால் அத்தான் அண்ணாந்து பீமைப் பார்ப்பார். அக்கா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே, "ஆமா, நாந்தான் போட்டேன், இப்ப என்ன?" என்றாள். பீம் கெட்டதற்கு யார் காரணம் என்று கேட்டால் ராயப்பன்பட்டியில் குழந்தைகூட அவளைத்தான் கைகாட்டியிருக்கும்.

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். தேனிக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் மனசு குத்தியது. ஒரு நாள் ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்த்தேன். ஒட்டில்லாத முழுக் கம்பியாக இருந்திருந்தால், அவ்வளவு உப்புக்கும் பீம் வெடித்திருக்கும், ஆனால் பலம் இந்த அளவுக்குப் போயிருக்காது. உப்பில்லாமல் வெறும் ஒட்டு மட்டும் இருந்திருந்தால் அது பாட்டுக்கு நின்றிருக்கும். இரண்டும் ஒரே ஓர் அடியில் வந்து சேர்ந்ததுதான் வினை. இருபது அடி பீமில் அக்காவுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சலும் எனக்கே பிடிக்கவில்லை. பாதிக் குற்றம் என்னுடையது, அதையும் சேர்த்து அவள் தலையில் சுமந்துகொண்டு சிரிக்கிறாள்.

ஜாக்கியைக் கழற்றுகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொத்தனாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் வரைந்த பீமில் முட்டு எடுக்கும்போது அதற்குக் கீழே நான் நிற்பது வழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எப்படியோ பழகிவிட்டது. போய் நடுவில் நின்றேன். அத்தான் முதல் ஜாக்கியில் கை வைத்தார்.

அக்கா விறுவிறுவென்று வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நீ எதுக்கு? தள்ளிப் போ" என்றேன்.

"என் வீடு. நான் எங்க வேணா நிப்பேன்."

அத்தான் திருகப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இதற்கு மேலும் தள்ளிப்போட என்னால் முடியவில்லை. எல்லோரும் கேட்கிற மாதிரியே சொன்னேன். அன்றைக்குக் கம்பியைப் பார்த்தேன், ஒட்டு தப்பு என்று எனக்குத் தெரியும், சிரிப்பார்கள் என்று பயந்து பேசாமல் இறங்கிவிட்டேன், இந்த பீம் கெட்டதில் பாதி நான்தான், டிராயிங்கைக் காட்டி எல்லோரையும் ஏமாற்றினேன்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். அக்காவுக்கு மட்டும் எந்த அதிர்ச்சியும் இல்லை.

"அது எனக்குத் தெரியுமே" என்றாள்.

"எப்படி?"

"நீ ஏணியில ஏறும்போது நான் அங்கன கீழதான நின்னேன். நடுவுல ஒரு எடத்தையே உத்துப் பாத்த. எச்சிய முழுங்குன. பெறகு ஒண்ணும் சொல்லாம எறங்கி வந்த. சின்னப் பிள்ளையில தட்ட ஒடச்சுட்டு வந்து நிப்பியே, அதே மூஞ்சி. எனக்குக் கம்பியும் தெரியாது, கலவையும் தெரியாது. ஒன் மூஞ்சி தெரியும். அவுக டீ குடிக்கப் போன ஒடன ஓடிப்போயி உப்ப எடுத்துட்டு வந்து, நீ பாத்த எடத்துலயே கொட்டினேன். ஒன் மொதப் பீமு விழுந்துறக் கூடாதுன்னு."

இருபது அடியில் சரியாக அந்த ஓர் அடியை அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான்.

"தெரிஞ்சுக்கிட்டேவா இந்த ஒரு மாசமும் எல்லார்ட்டயும் பேச்சு வாங்குன? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தத் தாள விரிச்சு விரிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தியே, பாவமா இருந்துச்சுடி" என்றாள்.

அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. என் தோளில் ஒரு அடி போட்டாள்.

அத்தான் ஜாக்கியைப் பிடித்தபடியே எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கழட்டவா? இல்ல பாவசங்கீர்த்தனம் இன்னும் பாக்கி இருக்கா?"

"கழட்டுங்க அத்தான்" என்றேன்.

முதல் ஜாக்கி தளர்ந்தது. இரண்டாவது தளர்ந்தது. கொத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவதைத் திருகினார். நான் அண்ணாந்து, புதுக் கான்கிரீட்டில் முடி அளவுக்காவது கோடு விழுகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவதும் வெளியே வந்தது. ஒரு சத்தமும் இல்லை, ஒரு கோடும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று அத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

"நல்லா நிக்கிது."

அவள் பீமை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.